ஸ்க்ரோல் பாரைக் காணோமா? முதலில் வீலை உருட்டிப் பாருங்கள்

விண்டோவின் வலது ஓரத்தில் இருக்க வேண்டிய ஸ்க்ரோல் பார், அதாவது பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும் பட்டை, திடீரென்று காணாமல் போனால், கடலூரிலும் புதுச்சேரியிலும் கிடைக்கும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு மறுபடி போட்டுடலாம் சார்." அதற்கும் சரியாகவில்லை என்றால் அடுத்தது ஃபார்மேட். இரண்டும் அநேகமாக வீண் வேலை. சாஃப்ட்வேர் கெட்டுப்போய் ஸ்க்ரோல் பார் மறைவது அபூர்வம். எங்கோ ஒரு செட்டிங் அதை மறைத்திருக்கும், அல்லது அது திரைக்கு வெளியே போயிருக்கும், அல்லது சாஃப்ட்வேர் "இதற்கு மேல் காட்ட எதுவும் இல்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கும். சில சாஃப்ட்வேர்களில் அது எந்த நாளும் இருந்ததே இல்லை. இத்தனை நாள் தேவைப்படாததால் யாரும் கவனிக்கவில்லை.

இவற்றில் எது நம்முடைய கதை என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை இருக்கிறது. அந்த விண்டோவின் நடுவில் ஒரு கிளிக் செய்துவிட்டு மவுஸ் வீலை உருட்டுங்கள். லேப்டாப் என்றால் டச்பேடில் இரண்டு விரலால் தள்ளுங்கள். வீல் தேய்ந்துபோன மவுஸாக இருந்தால் பேஜ் டவுன் கீயை அழுத்துங்கள். உள்ளே இருப்பது நகர்கிறதா? நகர்ந்தால் ஸ்க்ரோல் வசதி உயிரோடுதான் இருக்கிறது, பட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. அது செட்டிங் சமாச்சாரம், அல்லது பட்டை திரையைத் தாண்டிப் போன சமாச்சாரம். கொஞ்சமும் அசையவில்லை என்றால் விஷயம் வேறு. கீழே எதுவும் இல்லை என்று சாஃப்ட்வேர் கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கு ஏன் தப்பியது என்று தேட வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் செட்டிங்ஸைக் குடைய ஆரம்பித்தால் அரை நாள் போய்விடும்.

கணக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸில் பழைய பாணி சாஃப்ட்வேர்களுக்கு அந்தப் பட்டையை வரைந்து கொடுப்பது விண்டோஸ்தான். ஆனால் உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்வேர்தான் சொல்ல வேண்டும்: மொத்தம் இத்தனை வரி, இப்போது கண்ணில் படுவது இத்தனை, நாம் நிற்பது இத்தனையாவது வரியில். மொத்தம் 40 வரி, தெரிவது 25 என்றால் பட்டைக்குள் நகரும் கட்டை கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்கு நீளத்துக்கு இருக்கும். தெரிவதும் மொத்தமும் ஒன்றுதான் என்று கணக்கு வந்தால் விண்டோஸ் பட்டையையே எடுத்துவிடும். எடுக்காதே, மங்கலாகவாவது வைத்திரு என்று சாஃப்ட்வேர் தனியாகக் கேட்டுக்கொண்டால்தான் அது அங்கே நிற்கும்.

இதில் சிக்கல் எப்போது வரும் என்றால், சரக்கு வந்து சேருவதற்கு முன்பே கணக்குப் போடும்போது. சர்வரில் இருந்து பட்டியலை இழுக்கும் ஆபீஸ் சாஃப்ட்வேர்களில் இதைப் பார்க்கலாம். நெட்வொர்க் மெதுவாக இருக்கும் நேரத்தில் விண்டோ திறந்ததும் பட்டியல் காலி. காலிப் பட்டியலுக்கு ஸ்க்ரோல் பார் எதற்கு? இரண்டு விநாடி கழித்து நூறு வரி வந்து விழுகிறது. நன்றாக எழுதிய சாஃப்ட்வேர் உடனே திரும்பக் கணக்குப் போடும். சுமாராக எழுதியது போடாது. விண்டோவின் மூலையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்து விடுங்கள், அல்லது மினிமைஸ் செய்து மறுபடி திறந்து பாருங்கள். அளவு மாறும்போது கணக்கு புதிதாக நடக்கும், பட்டையும் திரும்பி வந்துவிடும். அப்படி வந்தால் அது அந்த சாஃப்ட்வேர் எழுதியவர் திருத்த வேண்டிய பிழை. உங்கள் கம்ப்யூட்டரில் குறை இல்லை.

மறைப்பது புது வழக்கம் இல்லை

ஸ்க்ரோல் பார் என்ற சங்கதி பிறந்தது 1970-களில், அமெரிக்காவில் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில். அங்கே உருவான ஸ்மால்டாக் என்ற சூழலில், மவுஸை ஒரு பகுதிக்குள் கொண்டு போனால்தான் அதன் இடது பக்கத்தில் பட்டை எட்டிப் பார்க்கும். வெளியே வந்தால் மறைந்துவிடும். அதாவது முதல் தலைமுறையிலேயே ஒளிந்து விளையாட ஆரம்பித்துவிட்டது. 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார், 1984-ல் ஆப்பிள் மெக்கின்டாஷ் என்று விற்பனைக்கு வந்த கம்ப்யூட்டர்களில்தான் அது வலது ஓரத்தில் நிரந்தரமாக இடம் பிடித்தது. மெக்கின்டாஷில் நகரும் கட்டை எப்போதும் ஒரே அளவு சதுரம். பத்துப் பக்கமா, ஆயிரம் பக்கமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சரக்கின் நீளத்துக்குத் தகுந்தபடி கட்டை சுருங்குவதும் நீளுவதும் விண்டோஸ் 95 வந்தபோது பரவலாகப் பழகியது. கீழே இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளும் வசதி அது.

2007-ல் ஐபோன் வந்தது. விரலால் தள்ளும்போது மட்டும் ஒரு மெல்லிய கோடு தெரிந்து மறையும். கையடக்கத் திரைக்கு அது பொருத்தம்தான். ஆனால் அந்த வழக்கம் அங்கேயே நிற்கவில்லை. 2011 ஏப்ரலில் லினக்ஸ் வகையான உபுண்டு 11.04, அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் லயன், 2015-ல் லினக்ஸ் சாஃப்ட்வேர்கள் பலவற்றுக்கு அடித்தளமான ஜிடிகே 3.16 என்று வரிசையாக டெஸ்க்டாப்பிலும் பட்டை ஒளிய ஆரம்பித்தது. 2022 மே மாதம் வந்த ஃபயர்பாக்ஸ் 100 பிரவுசர், விண்டோஸ் 11-லும் லினக்ஸிலும் பட்டைக்குத் தனி இடம் ஒதுக்குவதை நிறுத்தியது.

இடம் மிச்சமாகிறது என்பதுதான் இதற்குச் சொல்லும் சமாதானம். விண்டோஸில் ஸ்க்ரோல் பாரின் வழக்கமான அகலம் 17 பிக்சல். நம் ஊர்க் கடைகளில் இன்னமும் ஓடும் 1366 × 768 லேப்டாப்பில் அது நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு. அந்த ஒன்றே கால் பங்கை மிச்சப்படுத்த, கீழே இன்னும் இருக்கிறது என்ற தகவலையே மறைத்துவிட்டார்கள். டெஸ்க்டாப்பைப் பொறுத்தவரை இது தப்பான முடிவு என்றே சொல்வேன். பட்டையைப் பிடித்து இழுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். 1996-ல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் வந்த பிறகு வீல்தான் எல்லோருக்கும் பழகிப்போனது. ஆனால் பட்டையின் முதல் வேலை இழுக்கக் கொடுப்பதல்ல, இருப்பதைச் சொல்வது. கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பும் அறுபது வயதுக்காரர் பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்துபோவது அந்தத் தகவல் இல்லாததால்தான்.

இந்த விஷயத்தில் நம் ஊர் டேலி கணக்காளர்கள் கொடுத்து வைத்தவர்கள். டேலியில் பட்டியல் நீண்டால் அம்புக்குறி போட்டு இன்னும் இத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கையாகவே எழுதிக் காட்டும். மவுஸையே தொடாமல் வேலை செய்பவர்களுக்கு அது போதும்.

நகர்கிறது, ஆனால் பட்டை தெரியவில்லை

சோதனையில் சரக்கு நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் விஷுவல் எஃபெக்ட்ஸ். அங்கே முதலிலேயே 'ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் ஈஸ் ஆஃப் ஆக்சஸ், டிஸ்ப்ளே என்று போனால் பட்டையைத் தானாக மறைக்கும் சுவிட்ச். அதை ஆஃப் செய்ய வேண்டும். ஒன்றில் ஆன், மற்றதில் ஆஃப் என்பதால் போனில் வழி சொல்லும்போது குழப்பம் வரும், எந்த விண்டோஸ் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, இந்த சுவிட்ச் செட்டிங்ஸ், ஸ்டோர் மாதிரியான புதுப் பாணி ஆப்களுக்குத்தான். பழைய பில்லிங் சாஃப்ட்வேர் இதைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று 'ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்' என்ற தேர்வைத் தன்னுடைய செட்டிங்ஸில் வைத்திருக்கிறது.

ஆப்பிள் மேக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சிஸ்டம் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதியில் ஸ்க்ரோல் பாரை எப்போது காட்டுவது என்று மூன்று தேர்வுகள். வாங்கும்போது இருக்கும் தேர்வு, மவுஸா டச்பேடா என்பதைப் பார்த்து முடிவெடுப்பது. ஆபீஸில் மவுஸ் செருகியிருக்கும்போது பட்டை நிற்கும். அதே லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் மவுஸ் இல்லாமல் திறந்தால் பட்டை இருக்காது. ஆரோவில் பக்கம் மேக் வைத்து டிசைன் வேலை செய்பவர்கள் நிறைய பேர். "காலைல இருந்துச்சு, சாயங்காலம் இல்ல" என்று அவர்களில் யாராவது சொன்னால் மவுஸ் எங்கே என்று கேளுங்கள். எப்போதும் காட்டு என்ற தேர்வை வைத்துவிட்டால் தொல்லை விட்டது. லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப் என்றால் அதன் புதிய பதிப்புகளில் ஆக்சஸிபிலிட்டி பகுதியிலேயே இதற்கு சுவிட்ச் இருக்கிறது.

ஸ்டுடியோக்காரர்களுக்கு வரும் தொல்லை தனி ரகம். புதுச்சேரி மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கம் கல்யாண ஆல்பம் வேலை செய்யும் எந்தக் கடையிலும் ஃபோட்டோஷாப் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஷார்ட்கட் அழுத்தும் வேகத்தில் விரல் தவறி எஃப் கீயில் பட்டால் ஃபுல் ஸ்க்ரீன் பாணிக்குப் போய்விடும். முதல் முறை பட்டால் டைட்டில் பாரும் ஸ்க்ரோல் பாரும் போகும், மெனு இருக்கும். இன்னொரு முறை பட்டால் மெனுவும் போகும். மறுபடி எஃப்-ஐ அழுத்திக்கொண்டே வந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். டூல்களும் பேனல்களும் கூடவே மறைந்திருந்தால் டேப் கீயும் பட்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்காக ஃபோட்டோஷாப்பை மறுபடி இன்ஸ்டால் செய்த கடைகள் உண்டு.

நோட்பேடில் கீழே இருக்கும் கிடைமட்டப் பட்டையைக் காணவில்லை என்றால் வேர்டு ராப் ஆன் ஆகியிருக்கும். வரிகள் மடங்கி வந்துவிடுவதால் வலது பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. அது கோளாறு அல்ல.

திரைக்கு வெளியே போன பட்டையும் இந்த ரகத்தில்தான் சேரும். கல்லூரி செமினார் ஹாலில் புரொஜெக்டரைச் செருகி, விண்டோவை அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, பிறகு கேபிளைப் பிடுங்கினால் சில விண்டோக்கள் பாதி வெளியே நின்றுவிடும். வலது ஓரம் திரையைத் தாண்டியிருந்தால் பட்டையும் அங்கேதான் இருக்கும். விண்டோஸ் கீயோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் விண்டோ முழுத் திரைக்கு வந்துவிடும். அதற்கும் மசியாத பழைய சாஃப்ட்வேர் என்றால் ஆல்ட்டும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்துங்கள், ஒரு சின்ன மெனு வரும். அதில் மூவ் என்பதற்கு எம், அப்புறம் அம்புக்குறி கீக்களால் இழுத்து வரலாம்.

எக்செல்: கோப்போடு பயணம் செய்யும் கோளாறு

"இந்த ஒரு ஃபைல்ல மட்டும்தான் சார் வரல, மத்ததுல எல்லாம் இருக்கு." எக்செல்லைப் பற்றி இப்படி ஒரு புகார் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எக்செல்லில் ஸ்க்ரோல் பாரைக் காட்டுவதா வேண்டாமா என்பது அந்தந்த ஒர்க்புக்குக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் தன் லாரி லோடு பட்டியலை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பட்டையை மறைத்துத் தயாரித்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்போடு சேர்ந்து அந்த மறைப்பும் வந்து சேரும். ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் இருக்காது. எக்செல்லை மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் வராது, ஏனென்றால் கோளாறு எக்செல்லில் இல்லை. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், பாதி தூரம் கீழே இறங்கினால் 'டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் ஃபார் திஸ் ஒர்க்புக்' என்ற தலைப்பு வரும். அதன் கீழே கிடைமட்டப் பட்டைக்கு ஒரு டிக், செங்குத்துப் பட்டைக்கு ஒரு டிக். போட்டுவிட்டு ஓகே கொடுத்து, கோப்பைச் சேமித்துவிட்டால் சரி. லிப்ரேஆபிஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கு இதே தேர்வுகள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கால்க், வியூ என்ற வழியில் இருக்கின்றன.

கீழ்ப் பட்டை மட்டும் இல்லை, டிக் சரியாகத்தான் இருக்கிறது என்றால் ஷீட் பெயர்கள் இருக்கும் வரிசையின் வலது முனையைப் பாருங்கள். அங்கே சின்னதாக மூன்று புள்ளி அல்லது ஒரு கோடு இருக்கும். ஷீட் பெயர்களுக்கும் ஸ்க்ரோல் பாருக்கும் நடுவில் உள்ள எல்லை அதுதான். யாராவது தெரியாமல் அதை வலது கோடி வரை இழுத்துவிட்டால் பட்டைக்கு இடமே மிஞ்சாது. இடது பக்கம் இழுத்தால் வந்துவிடும்.

எக்செல்லில் இன்னும் ஒரு மாயம் இருக்கிறது. பட்டை இருக்கும், ஆனால் பயன்படாது. முந்நூறு வரிப் பட்டியல்தான், ஆனால் நகரும் கட்டை ஒரு தீக்குச்சித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். லேசாகத் தொட்டாலே ஆயிரக்கணக்கான வரிகள் தாண்டி வெற்று வெளியில் போய் நிற்கும். எக்செல் 2007 முதல் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிகள். அதற்கு முன் 65,536 தான். எங்கோ அடியில் ஒரு செல்லுக்கு யாரோ கலர் அடித்துவிட்டிருந்தால் அல்லது ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டிருந்தால் எக்செல் அதுவரைக்கும் சரக்கு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலும் எண்டும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கர்சர் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் எக்செல் நினைக்கும் கடைசி. உங்கள் உண்மையான கடைசி வரிக்குக் கீழே உள்ள வெற்று வரிகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, வரியாகவே டெலீட் செய்து, சேமித்துத் திறந்தால் கட்டை தன் அளவுக்கு வந்துவிடும். டெலீட் கீயை மட்டும் தட்டினால் போதாது, அது எழுத்தை அழிக்குமே தவிர கலரை எடுக்காது.

ஃப்ரீஸ் பேன்ஸ் போடும்போதும் பார்த்துப் போட வேண்டும். மேலே லெட்டர்ஹெட், விலாசம், ஜிஎஸ்டி எண், தலைப்பு என்று இருபது வரியை நிறுத்தி வைத்துவிட்டு அதைச் சின்ன லேப்டாப்பில் திறந்தால், நின்றுபோன வரிகளே திரையை அடைத்துக்கொள்ளும். பட்டை நகரும், கண்ணுக்கு எதுவும் நகராது.

சேவ் பட்டன் எங்கே?

இனி, நகரவே நகராத வகை. நம் பக்கத்து வியாபாரிகளை அதிகம் படுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பல கடைகளில் பழைய கம்ப்யூட்டரை ஓரம்கட்டிவிட்டுப் புது லேப்டாப் வாங்கினார்கள். பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் பழையதே. ஊரில் யாரோ ஒரு ப்ரோக்ராமர் பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன் விஷுவல் பேசிக் 6-ல் எழுதிக் கொடுத்ததாக இருக்கும். விபி6 வந்தது 1998-ல்; மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கும் கருவிக்கான ஆதரவை 2008-ல் நிறுத்திவிட்டது. ஆனால் அதில் எழுதிய சாஃப்ட்வேர் விண்டோஸ் 11-லும் ஓடும். ஓடும் என்பதுதான் பிரச்சினையின் ஆரம்பம்.

ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவை எடுத்துக்கொள்வோம். பழைய மானிட்டர் 1024 × 768. எழுதியவர் அந்தத் திரையைப் பார்த்துத்தான் பில் ஃபாரத்தை வடிவமைத்தார். கீழே டாஸ்க்பாருக்கு முப்பது பிக்சல் போக, ஃபாரத்தின் உயரம் சுமார் 730. அதன் அடிவரிசையில் நியூ, சேவ், பிரின்ட், க்ளோஸ் என்று நாலு பட்டன். புது லேப்டாப்பின் திரை 1920 × 1080. பெரிய திரைதானே, தாராளமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பதினாலு இஞ்ச் திரையில் எழுத்து பொடியாகத் தெரியும் என்பதால் விண்டோஸ் தானாகவே 150 சதவீதம் பெரிதாக்கி வைத்திருக்கும். விபி6 சாஃப்ட்வேருக்கு இந்தப் பெரிதாக்கல் தெரியாது. விண்டோஸ் அதனிடம் உன் திரை 1280 × 720 என்று சொல்லிவிட்டு, அது வரைந்ததை ஊதிக் காட்டும். அதனால்தான் எழுத்து கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். 720-ல் டாஸ்க்பாருக்கு 48 போனால் மிச்சம் 672. 730 உயர ஃபாரத்தில் அடி 58 பிக்சல் டாஸ்க்பாருக்குப் பின்னால் போய்விட்டது. பட்டன் வரிசை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

"தம்பி, சேவ் பட்டன காணோம்பா. கீழ எறக்கலாம்னா அந்தப் பட்டையும் இல்ல."

பட்டை இல்லைதான், எப்போதுமே இருந்ததில்லை. விபி6-ல் சாதாரண ஃபாரத்துக்கு ஸ்க்ரோல் பார் தானாக வராது. வேண்டுமென்றால் எழுதுபவரே ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைத்து, பக்கத்தில் ஸ்க்ரோல் பாரைப் பொருத்தி, நகர்த்தும் கணக்கையும் எழுத வேண்டும். 1024 × 768 காலத்தில் அதற்கு அவசியமே வரவில்லை. பிறகு வந்த டாட்நெட்டின் வின்ஃபார்ம்ஸில் ஆட்டோஸ்க்ரோல் என்று ஒரு குணம் உண்டு, ஆன் செய்தால் உள்ளே இருப்பது ஃபாரத்துக்குள் அடங்காதபோது பட்டை தானே வரும்; ஆனால் முதலில் அது ஆஃப் ஆகத்தான் இருக்கும்.

கஸ்டமர் நிற்கும்போது ப்ரோக்ராமரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பட்டன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது என்பதால், பெயரில் அடிக்கோடு போட்ட எழுத்து இருந்தால் ஆல்ட்டோடு சேர்த்து அழுத்தினால் வேலை நடக்கும். சேவ் என்றால் பெரும்பாலும் ஆல்ட்டும் எஸ்ஸும். அப்படி எழுத்து வைக்காத சாஃப்ட்வேர் என்றால் டேப் கீயைத் தட்டிக்கொண்டே போய் என்டர் தட்டலாம், ஆனால் எந்த பட்டனில் நிற்கிறோம் என்று தெரியாமல் தட்டுவது ஆபத்து. டெலீட் பட்டனும் அதே வரிசையில் இருக்கக்கூடும்.

அடுத்து, டாஸ்க்பாரின் செட்டிங்ஸில் தானாக மறையும்படி வைத்துப் பாருங்கள். 48 பிக்சல் திரும்பக் கிடைக்கும். நம் ஜவுளிக்கடை ஃபாரத்தில் இனிப் பத்து பிக்சல்தான் வெளியே, பட்டன்கள் தெரிந்துவிடும். போதவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் ஸ்கேல் அளவை 150-ல் இருந்து 125 ஆக்குங்கள். சாஃப்ட்வேர் பார்க்கும் திரை 1536 × 864 ஆகிவிடும், ஃபாரம் முழுதாக உட்காரும். எழுத்து சிறிதாகிவிட்டது என்று கல்லாவில் இருப்பவர் சொல்வார், அவர் சொல்வதும் நியாயம்தான். 1366 × 768 லேப்டாப்பில் 125 வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்; உயரம் 614 தான் கிடைக்கும். அதில் 100-க்கு இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

சாஃப்ட்வேர் ஐகானில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி, அதற்குள் ஹை டிபிஐ செட்டிங்ஸை மாற்றும் வழி ஒன்றைப் பலர் சொல்வார்கள். பிக்சல் கணக்கில் எழுதிய சாஃப்ட்வேர்களுக்கு அது பலிக்கும். விபி6 தன் அளவுகளை ட்விப் என்ற அலகில் வைத்திருக்கிறது, ஓர் இஞ்சுக்கு 1440 ட்விப். பெரிதாக்கலை அதனிடமே விட்டால் இஞ்ச் கணக்கில் தானும் பெரிதாகிக்கொள்ளும், எழுத்து தெளிவாகும், பட்டன் மட்டும் பழையபடி வெளியேதான் இருக்கும். அதனால் விபி6 விஷயத்தில் இந்த வழியை நம்பி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

டெஸ்க்டாப் வேஷத்தில் பிரவுசர்

இப்போது வரும் டெஸ்க்டாப் ஆப்களில் பல, உள்ளே பிரவுசர்தான். விஎஸ் கோட், டீம்ஸ் எல்லாம் இந்த வகை. இவற்றில் பட்டையை மறைப்பதும் காட்டுவதும் வெப் பக்கத்தின் அலங்கார விதிகள் கையில். ஓவர்ஃப்ளோ என்ற விதியில் 'ஹிடன்' என்று ஒரு சொல் போட்டால் மீறிப்போகும் சரக்கு வெட்டப்படும், வீலும் வேலை செய்யாது. ஏதாவது ஒரு குட்டிப் பெட்டி மேலே திறக்கும்போது பின்னால் உள்ள பக்கம் நகரக் கூடாது என்று இதைத் தற்காலிகமாகப் போடுவார்கள், பெட்டியை மூடும்போது எடுத்துவிட வேண்டும். சில சமயம் எடுக்க மறந்துபோகும். ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பும்போது ஓடிபி பெட்டி வந்து போன பிறகு பக்கம் உறைந்து நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகும், ஆனால் நிரப்பியது போகும். முதலில் கன்ட்ரோலோடு கழித்தல் கீயை அழுத்திப் பக்கத்தைச் சிறிதாக்குங்கள். மீதிப் பகுதி திரைக்குள் வந்தால் நிரப்பி அனுப்பிவிட்டு, கன்ட்ரோலோடு பூஜ்யம் அழுத்திப் பழைய அளவுக்கு வந்துவிடலாம். இ-சேவை மையங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கைவந்த கலை.

பட்டை இருந்தும் கண்ணுக்குப் புலப்படாத கேஸ்களும் உண்டு. வெளிர் சாம்பல் பின்னணியில் வெளிர் சாம்பல் கட்டை. ஆக்சஸிபிலிட்டியில் கான்ட்ராஸ்ட் தீம் ஒன்றைப் போட்டால் தெளிவாகும். பழைய பாணி சாஃப்ட்வேர்களில் பட்டையை அகலமாக்க, விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப், விண்டோ மெட்ரிக்ஸ் என்ற இடத்தில் ஸ்க்ரோல் வித் (ScrollWidth), ஸ்க்ரோல் ஹைட் (ScrollHeight) என்று இரண்டு மதிப்புகள் இருக்கின்றன. வழக்கமாக −255 இருக்கும். வேண்டிய பிக்சலை 15-ஆல் பெருக்கி முன்னால் மைனஸ் போடுவது கணக்கு. 30 பிக்சல் வேண்டுமென்றால் −450. சைன் அவுட் செய்து வந்தால் தெரியும். ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதற்கு முன் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கண் பார்வை குறைந்த பெரியவர்கள் உட்காரும் கல்லாக்களில் இதைச் செய்து கொடுத்தால் அவர்கள் வாழ்த்துவார்கள்.

இத்தனைக்கும் பிறகு ப்ரோக்ராமரையோ சர்வீஸ் ஆளையோ கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், "ஸ்க்ரோல் பார் வரல" என்று மட்டும் சொன்னால் அவரும் இன்ஸ்டாலில் இருந்துதான் ஆரம்பிப்பார். திரையின் அளவு என்ன, ஸ்கேல் எத்தனை சதவீதம், வீல் உருட்டினால் நகர்கிறதா, எல்லாக் கோப்பிலுமா ஒன்றில் மட்டுமா, விண்டோவின் மூலையை இழுத்தால் பட்டை வருகிறதா என்று சேர்த்துச் சொல்லி, முழுத் திரையையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். போன் கேமராவில் பாதித் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் டாஸ்க்பார் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எழுதியவர் இன்னும் தொழிலில் இருக்கிறார் என்றால், ஃபாரத்தின் உயரத்தை 600-க்குள் சுருக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். பட்டன் வரிசையைக் கீழே இருந்து மேலே மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும், அது அவருக்கும் அரை நாள் வேலைதான்.